பெட்ரோலுக்குக் கணக்கு உண்டு, ரொட்டிக்கு இல்லை

கணினிப் போர் விளையாட்டுகளில் எனக்குப் பிடித்த இடம் சண்டை நடக்கும் இடம் இல்லை. அதற்கு நூறு கிலோமீட்டர் பின்னால், லாரிகள் போய் வரும் சாலைதான் பிடிக்கும். 'காசு கொடுத்து வாங்கி லாரி ஆபீஸ் மேனேஜர் வேலை பார்க்கிறியா?' என்று ஒரு நண்பன் கேட்டான். கிட்டத்தட்ட அதேதான். எத்தனை லாரி, எவ்வளவு பெட்ரோல், எந்த டிப்போ, எத்தனை நாள். இந்தக் கணக்குகளைச் சரியாகப் போட்டுவிட்டால் முன்னணியில் இருக்கும் டேங்குகள் தாமாக நகரும். தப்பாகப் போட்டால் எவ்வளவு பெரிய தளபதியாக இருந்தாலும் நின்ற இடத்தில் நிற்க வேண்டியதுதான்.

இந்த ருசியை எனக்குக் காட்டிய கேம் கேரி கிரிக்ஸ்பியின் 'வார் இன் தி ஈஸ்ட்'. முதல் பதிப்பு 2010 கடைசியிலும் இரண்டாவது 2021-லும் வந்தன. 1941 ஜூன் 22 அன்று ஹிட்லரின் படை சோவியத் ஒன்றியத்துக்குள் நுழைந்ததிலிருந்து தொடங்கும் போர். வரைபடத்தில் ஒவ்வொரு அறுகோணக் கட்டமும் பத்து மைல், ஒவ்வொரு டர்னும் ஒரு வாரம். இரண்டு பதிப்புகளையும் வருடக்கணக்கில் ஆடியிருக்கிறேன். தளவாடத்தை இவ்வளவு மதிக்கும் கேம்கள் ரொம்பக் குறைவு என்று பலரிடம் சிபாரிசும் செய்திருக்கிறேன். அந்தச் சிபாரிசை இப்போதும் திரும்பப் பெறவில்லை. ஆனால் அந்தக் கணக்கில் ஒரு வரி விடுபட்டிருக்கிறது. அது சின்ன வரி இல்லை.

முதலில், கேம் எதைச் சரியாகச் செய்கிறது

முதல் வாரம் ஜெர்மனி பக்கம் ஆடுபவருக்குத் திருவிழா. டேங்க் டிவிஷனுக்கு 50 நகர்வுப் புள்ளி கிடைக்கும். எல்லையைத் தாண்டி மின்ஸ்க் வரை வளைத்துப் பிடிக்கலாம். ஐந்தாறு டர்ன் கழித்துப் பார்த்தால் அதே டிவிஷன் 20 புள்ளியோடு பரிதாபமாக நிற்கும். எதிரி அடித்ததால் இல்லை, பெட்ரோல் வந்து சேராததால். முதல்முறை ஆடியபோது கேமில் ஏதோ கோளாறு என்றே நினைத்தேன்.

கோளாறு ரயில் பாதையில் இருக்கிறது. சோவியத் தண்டவாள அகலம் 1,524 மில்லிமீட்டர், ஜெர்மானியத்தது 1,435. மீட்டர் கேஜ், அகலப்பாதை என்று கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்த 89 மில்லிமீட்டரின் அருமையை விளக்க வேண்டியதில்லை. மரக்கட்டை ஸ்லீப்பர்மேல் இருக்கும் ஒரு தண்டவாளத்தைப் பெயர்த்து உள்ளே தள்ளி ஆணி அடிப்பது ஒப்பீட்டளவில் சுலபம். மற்ற சங்கடங்கள்தான் பெரிசு. சோவியத் ரயில் நிலையங்களில் தண்ணீர்த் தொட்டிகள் தள்ளித்தள்ளி இருந்தன. ஜெர்மானிய எஞ்சின்களோ அவ்வளவு தண்ணீர் சுமக்கக் கூடியவை அல்ல. குளிர்காலம் வந்ததும் எஞ்சினுக்கு வெளியே ஓடிய குழாய்கள் உறைந்து வெடித்தன. கேமில் இதெல்லாம் தனித்தனியாக வராது. ரயில் சீரமைப்புப் படைகள் வாரத்துக்குச் சில கட்டங்கள் என்று ஊர்ந்து போகும், டேங்குகள் அவற்றை விட்டு ஓடிக்கொண்டே இருக்கும். இடையில் விழும் இடைவெளியை லாரி நிரப்ப வேண்டும். அங்கேதான் எல்லாம் உடைகிறது.

ஏன் உடைகிறது என்பதைக் கையால் போட்டுப் பார்க்கலாம். மூன்று டன் சுமக்கும் லாரி ஒரு நாளைக்கு 200 கிலோமீட்டர் ஓடும் என்று வைத்துக்கொள்வோம். ரயில் முனையிலிருந்து முன்னணி 100 கிலோமீட்டர் என்றால் தினமும் ஒரு நடை போய் வந்துவிடும். நாளைக்கு 1,000 டன் வேண்டுமென்றால் 334 லாரி போதும். முன்னணி 500 கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்டால் ஒரு நடைக்கு ஐந்து நாள். அதே 1,000 டன்னுக்கு இப்போது 1,667 லாரி. 100 கிலோமீட்டருக்கு 30 லிட்டர் குடிக்கும் என்றால் ஒரு நடைக்கு 300 லிட்டர், கிட்டத்தட்ட கால் டன். சேற்றில் அது இரண்டு மடங்கானால் சுமக்கும் மூன்று டன்னுக்கு லாரியே அரை டன் குடித்துவிடுகிறது. இதில் ஸ்பிரிங் உடைவது, டயர் போவது எதையும் சேர்க்கவில்லை.

500 கிலோமீட்டர் என்று சும்மா சொல்லவில்லை. எல்லையிலிருந்து நீப்பர், துவினா ஆறுகள் வரை தோராயமாக அவ்வளவு தூரம். செஞ்சேனையின் முதுகெலும்பை அதற்குள் உடைத்துவிடலாம் என்பதுதான் ஜெர்மானியத் திட்டத்தின் அடிப்படை. அதற்குள் முடியவில்லை என்றால் என்ன செய்வது என்பதற்குத் திட்டம் இல்லை. மார்ட்டின் வான் கிரெவெல்டின் 'சப்ளையிங் வார்' (1977) இதை விரிவாக அலசுகிறது. இந்த கேமோ அதை உங்கள் விரலுக்கு உணர்த்துகிறது.

முதல் பதிப்பில் ஒரு ஓட்டை இருந்தது. கார்ப்ஸ் தலைமையகத்தில் சப்ளையைக் குவித்துக்கொள்ள ஒரு வசதி. நிர்வாகப் புள்ளியும் லாரிகளும் செலவாகும், ஆனால் அடுத்த வாரம் டேங்குகள் புதிதுபோல ஓடும். கெட்டிக்கார ஆட்டக்காரர்கள் இதை ஒரு கார்ப்ஸ் மாற்றி ஒரு கார்ப்ஸாகச் செய்து, நிஜத்தில் யாரும் போகாத தூரம் போனார்கள். நானும் போயிருக்கிறேன், மறைப்பானேன். இரண்டாவது பதிப்பில் இது போய், டிப்போ முறை வந்தது. ஒவ்வொரு டிப்போவுக்கும் 0 முதல் 4 வரை முன்னுரிமை கொடுக்கலாம். ஒரே தண்டவாளத்தில் சரக்கு குவியக் குவிய நெரிசல் ஏறும். எல்லா டிப்போவுக்கும் 4 போட்டால் ஒன்றுக்கும் போடாத மாதிரிதான். வடக்கே லெனின்கிராடா, நடுவே மாஸ்கோவா, தெற்கே உக்ரைனா என்ற பெரிய கேள்வி, கடைசியில் எந்த டிப்போவுக்கு எத்தனை என்ற சின்ன எண்ணாக வந்து நிற்கும். கேம் வடிவமைப்பாக இது அபாரம்.

கார்கிவ் டிப்போ

என் மனசு மாறிய இடம் கார்கிவ். அன்றைய ரஷ்ய வழக்கில் கார்கோவ்.

நான் ஆடிய ஒரு ஆட்டத்தில் 1941 அக்டோபரில் அந்த நகரத்தைப் பிடித்தேன். வரலாற்றிலும் 1941 அக்டோபர் 24 அன்றுதான் விழுந்தது. பெரிய ரயில் சந்திப்பு. முன்னுரிமை 4 கொடுத்து, குளிர்காலம் முழுக்க அங்கே சரக்கைக் குவித்தேன். பிப்ரவரியில் எண்கள் பச்சையாக, கொழுகொழுவென்று இருந்தன. வசந்தத் தாக்குதலுக்கு இதைவிட நல்ல தளம் கிடையாது என்று திருப்தியோடு படுக்கப் போனேன்.

அதே வாரம் அந்த நகரத்தின் ஆக்கிரமிப்புக் காலத்தைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தேன். 1941-42 குளிர்காலத்தில் கார்கிவில் ஆயிரக்கணக்கான பொதுமக்கள் பட்டினியால் செத்தார்கள். முற்றுகையில் இல்லை. நகரத்துக்குள் ஜெர்மானியப் படை உட்கார்ந்திருந்தது, ரயில் ஓடியது, சுற்றுவட்டாரம் உக்ரைனின் கரிசல் பூமி. சோறு இல்லாமல் போனதற்குக் காரணம், அங்கே இருந்ததைப் படை எடுத்துக்கொண்டதும், நகரத்துக்குள் வரவேண்டியதை வரவிடாததும்.

என் டிப்போவில் இருந்த அந்தக் கொழுத்த எண் எங்கிருந்து வந்தது? கேமைத் திறந்து பார்த்தேன். மேற்கிலிருந்து ரயிலில் வந்ததாகத் திரை சொன்னது. பெட்ரோல் அப்படி வந்திருக்கலாம், குண்டும் வந்திருக்கலாம். ரொட்டியும் குதிரைத் தீவனமும் நிஜத்தில் பெரும்பாலும் அப்படி வரவில்லை.

வாக்னரின் கணக்கு

ஜெர்மானியத் தரைப்படையின் தளவாடத் தலைவர் எட்வார்ட் வாக்னர். நம்மைப் போன்ற 'லாரி மேனேஜர்'களின் நிஜ உருவம் அவர்தான். டன், லாரி, நாள், தூரம் எல்லாம் அவர் மேசையில் இருந்தன. படை கைப்பற்றிய நிலத்திலிருந்தே சாப்பிட்டுக்கொள்ளும் என்பது அந்தக் கணக்கின் ஒரு தூண். ரயிலில் இடம் இல்லை, லாரியில் இடம் இல்லை. பெட்ரோலையும் குண்டையும் அங்கே கண்டுபிடிக்க முடியாது, ரொட்டியைக் கண்டுபிடிக்கலாம். ஆக, ரொட்டியை ஏற்றாதே.

அந்த ரொட்டியை அதுவரை சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் என்ன ஆவார்கள் என்பதும் யோசிக்கப்படாமல் இல்லை. 1941 மே 2 அன்று, போருக்கு ஏழு வாரம் முன்பே, உயர் அதிகாரிகள் கூடிப் பேசிய குறிப்பு இருக்கிறது. முழுப் படைக்கும் ரஷ்யாவிலிருந்தே உணவு, அதனால் அங்கே பல கோடி பேர் பட்டினியில் சாவார்கள் என்று அதில் வெளிப்படையாகவே எழுதியிருக்கிறார்கள். உணவு அமைச்சகத்தின் ஹெர்பர்ட் பாக்கே இதன் மூளை. வரலாற்றாசிரியர்கள் இதைப் 'பட்டினித் திட்டம்' என்கிறார்கள்.

1941 நவம்பர் 13. மின்ஸ்குக்கும் ஸ்மோலென்ஸ்குக்கும் நடுவே உள்ள ஓர்ஷா என்ற ரயில் சந்திப்பில், தலைமைத் தளபதியகத் தலைவர் ஃப்ரான்ஸ் ஹால்டர் படைகளின் அதிகாரிகளைக் கூட்டினார். குளிருக்கு முன் மாஸ்கோமேல் கடைசியாக ஒருமுறை பாய முடியுமா என்பது பேச்சு. வாக்னரும் இருந்தார். வேலை செய்யாத போர்க் கைதிகள் முகாமிலேயே பட்டினி கிடந்து சாக வேண்டியதுதான் என்று அவர் சொன்னது அன்றைய குறிப்புகளில் பதிவாகியிருக்கிறது. ஒரே நாள், ஒரே இடம். தளவாடமும் சாவும் அங்கே ஒரே கணக்கின் இரண்டு பத்தி. 1942 பிப்ரவரிக்குள் சுமார் 20 லட்சம் சோவியத் கைதிகள் செத்துப்போனார்கள், பெரும்பாலும் பசியாலும் குளிராலும் நோயாலும்.

இதே வாக்னர் பின்னால் ஹிட்லரைக் கொல்லும் 1944 ஜூலை 20 சதியில் சேர்ந்து, அது தோற்றதும் தன்னைத்தானே சுட்டுக்கொண்டார். மனிதர்கள் சுலபமாக ஒரு பெட்டிக்குள் அடங்குவதில்லை. அதனால் 1941-ன் கணக்கு மாறிவிடாது.

இது தளவாடப் பிழையும்கூட

இங்கேதான் என் விமர்சனத்தை ஒரு நீதிபோதனையாகப் படித்துவிடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். கேம் தன்னைப் பற்றி என்ன பெருமைப்படுகிறதோ, அந்த அளவுகோலாலேயே அளக்கிறேன்.

30 லட்சம் சிப்பாய்கள். ஆளுக்கு நாளைக்கு ஒன்றரைக் கிலோ உணவு என்றால் 4,500 டன். இந்தப் படை டேங்குகளால் ஆனது என்று படம் பார்த்து நினைக்கிறோம், நிஜத்தில் சுமார் 6 லட்சம் குதிரைகள் இழுத்த படை. குதிரைக்குப் பத்து கிலோ தீவனம் என்றால் 6,000 டன். மொத்தம் 10,500 டன். ஒரு சரக்கு ரயில் 450 டன் என்றால் தினமும் 23 ரயிலுக்கு மேல், சோற்றுக்கும் புல்லுக்கும் மட்டும். கடைசி எண் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கட்டும், அளவு புரிகிறது இல்லையா? பெட்ரோல் ரயிலுக்கே பாதை கிடைக்காத நேரத்தில் இந்த 23 எங்கே ஓடும்?

ஆக, கேமில் இரண்டில் ஒன்றுதான் நடந்திருக்க முடியும். சோறு முழுக்க ரயிலில்தான் வருகிறது என்றால், அந்தப் படைக்கு இல்லாத ரயில்களை கேம் இனாமாகக் கொடுத்துவிட்டது. இல்லை, உள்ளூரில் பிடுங்கியதைக் கழித்துவிட்டுத்தான் எடையைக் குறைத்து வைத்திருக்கிறது என்றால், கொள்ளை ஏற்கெனவே நடந்துமுடிந்த ஒன்றாக எண்ணுக்குள் புதைந்துகிடக்கிறது. ஆடுபவரின் கை அதைத் தொடாது. எப்படிப் பார்த்தாலும் ஆடுபவர் முன்னால் வரவேண்டிய மிகக் கடினமான தளவாட முடிவு வரவில்லை. பெட்ரோல் ரயிலா, மாவு ரயிலா? மாவு ரயிலை விட்டால் டேங்க் நிற்கும். பெட்ரோல் ரயிலை விட்டால் யாரோ சாவார்கள்.

இப்படிப்பட்ட போட்டி இந்த கேமுக்குத் தெரியாத விஷயமும் இல்லை. முதல் பதிப்பில் சோவியத் பக்கம் ஆடுபவர், தொழிற்சாலைகளைப் பெயர்த்துக் கிழக்கே அனுப்பவும், படைகளை மேற்கே கொண்டுவரவும் ஒரே ரயில் கொள்ளளவைப் பங்கிட வேண்டும். கார்கிவ் தொழிற்சாலையைக் காப்பாற்றவா, கீவுக்குப் படை அனுப்பவா என்று தலையைப் பிய்த்துக்கொண்ட ராத்திரிகள் உண்டு. அதே நேர்மையை மறுபக்கத்துக்கும் காட்டியிருக்கலாம்.

இன்னொன்று, கொரில்லாப் படைகள். என் பின்புலத்தில் அவர்கள் வந்து தண்டவாளத்தைத் தகர்ப்பார்கள். நான் காவல் படை நிறுத்தினால் குறைவார்கள். மழை மாதிரி, கொசு மாதிரி, ஒரு தொந்தரவு. கிராமத்தின் கடைசி மாட்டையும் விதை தானியத்தையும் படை எடுத்துக்கொண்டு போனதற்கும் காட்டுக்குள் ஆள் சேர்ந்ததற்கும் உள்ள தொடர்பு திரையில் இல்லை. காரணம் போய்விட்டால் விளைவு இயற்கைச் சீற்றமாகத் தெரிகிறது.

நம் பழைய இலக்கணக்காரர்கள் இதில் தெளிவாக இருந்தார்கள். புறத்திணையை வெட்சியில்தான் தொடங்குகிறார்கள், அதாவது எதிரியின் மாட்டை ஓட்டிக்கொண்டு போவதில். எதிரியின் விளைநிலத்தை எரிப்பதற்கு உழபுல வஞ்சி என்று துறையே உண்டு. அதைக் கண்டித்தார்கள் என்று சொல்லவில்லை, கொண்டாடினார்கள் என்றுகூடச் சொல்லலாம். ஆனால் மறைக்கவில்லை. சோற்றைப் பிடுங்குவது போருக்கு வெளியே நடக்கும் சங்கதி என்று அவர்கள் எண்ணவில்லை.

'அப்போ பட்டினி பொத்தான் வைக்கச் சொல்றியா?'

இதை நண்பர் ஒருவரிடம் சொன்னபோது அவர் கேட்ட கேள்வி. நியாயமான கேள்வி. கொலையை ஒரு மவுஸ் கிளிக்காக மாற்றினால் அது இன்னும் அருவருப்பு. அதை ரசித்து அமுக்கவும் ஆட்கள் வருவார்கள். இது படை நகர்வு பற்றிய கேம், எல்லாக் கொடுமையையும் இதில் அடைக்க முடியாது என்பதும் சரிதான்.

நான் கேட்பது பொத்தான் இல்லை, ரசீது. சப்ளைத் திரையில் ஏற்கெனவே பெட்ரோல் இத்தனை டன், குண்டு இத்தனை டன் என்று வரிகள் இருக்கின்றன. இன்னொரு வரி: இந்த வாரம் படை சாப்பிட்டதில் ரயிலில் வந்தது இவ்வளவு, இந்த மாவட்டத்திலிருந்து எடுத்தது இவ்வளவு. பக்கத்தில் அந்த மாவட்டத்தின் மக்கள்தொகை. அவ்வளவு போதும். எடுப்பதைக் குறைக்க நினைத்தால் மாவு ரயில் கூடும், பெட்ரோல் ரயில் குறையும், மாஸ்கோ தள்ளிப் போகும். ஆடுபவர் என்ன முடிவெடுக்கிறார் என்பது அவர் பாடு. முடிவெடுத்தோம் என்பது மட்டும் தெரிந்திருக்கும்.

இது ஏன் முக்கியம் என்றால், இந்த மாதிரி கேம் ஆடி முடிப்பவர்கள் ஒரு எண்ணத்தோடு எழுந்து போகிறார்கள்: 'டிப்போவைக் கொஞ்சம் ஒழுங்காக வைத்திருந்தால் ஜெர்மனி ஜெயித்திருக்கும்.' நானே சொல்லியிருக்கிறேன். இந்த எண்ணத்துக்குப் பழைய வேர் உண்டு. போருக்குப் பிறகு ஹால்டர் பல ஆண்டுகள் அமெரிக்கத் தரைப்படையின் வரலாற்றுப் பிரிவுக்கு வேலை பார்த்தார். அவர் மேற்பார்வையில் பழைய ஜெர்மானியத் தளபதிகள் எழுதிக் குவித்தார்கள். 1961-ல் அமெரிக்கா அவருக்கு விருதும் கொடுத்தது. அந்த எழுத்துகளில் சேறு உண்டு, பனி உண்டு, தூரம் உண்டு, ஹிட்லரின் பிடிவாதம் உண்டு. ஓர்ஷாவில் பேசிய மற்ற விஷயம் கிடையாது. சுத்தமான ஒரு தொழில்நுட்பப் பிரச்சினையாகத் தளவாடம் அங்கேயே துடைத்து வைக்கப்பட்டுவிட்டது. கேம் வேண்டுமென்றே அதைத் தொடர்கிறது என்று நான் குற்றம் சாட்டவில்லை. ஆனால் பெட்ரோல் தீர்ந்த டேங்கின் முன்னால் உட்கார்ந்து 'அய்யோ' என்கிற ஆட்டக்காரனின் மனசு, ஹால்டர் விட்டுப்போன நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறது.

'வார் இன் தி ஈஸ்ட்' ஆடுவதை நான் விடவில்லை. போன வாரம்கூட ஒரு புது ஆட்டம் தொடங்கினேன். இப்போது பக்கத்தில் ஒரு நோட்டு வைத்துக்கொள்கிறேன். ஒவ்வொரு டர்னும் முடிந்ததும் என் படையின் தலை எண்ணிக்கையை ஒன்றரைக் கிலோவாலும் ஏழு நாளாலும் பெருக்கி, வந்த எண்ணை எழுதி, அந்த வாரம் நான் நிற்கும் மாவட்டத்தின் பெயரை எதிரே எழுதுகிறேன். நாலாவது வாரத்திலேயே பக்கம் படிக்கச் சங்கடமாக இருக்கிறது. திரையில் எல்லாம் பச்சையாகத்தான் இருக்கிறது.